குற்றவாளியும் சாட்சியும்: ரத்தத்தின் எண்கள் இதயத்தைப் பற்றிச் சொல்வது

கொரியப் போரில் உயிரிழந்த அமெரிக்கப் படைவீரர்களில் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்து ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவ்வீரர்களின் சராசரி வயது 22. உடற்தகுதி சோதித்துப் படையில் சேர்க்கப்பட்ட அந்த இளைஞர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேற்பட்டோரின் இதயத் தமனிகளில், சிறு தடிப்பிலிருந்து முழு அடைப்பு வரை, நோயின் ஏதோ ஒரு தடயம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தது. மாரடைப்பு ஐம்பது வயதில் திடீரென்று வந்து விழும் நோய் என்ற எண்ணத்தை அந்த அறிக்கை அசைத்துவிட்டது. நோய் இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. நெஞ்சுவலியாகவும் மூச்சிரைப்பாகவும் அது தலைகாட்டுவதற்குத்தான் பல பத்தாண்டுகள் பிடிக்கின்றன.

அந்த நீண்ட மௌனக் காலத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து ஊகிக்கப் பயன்படுபவையே ரத்தக் குறிகாட்டிகள். ரத்தத்தில் அளக்கக்கூடிய ஒரு பொருளின் அளவுக்கும், பின்னாளில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கும் தொடர்பு இருந்தால் அது குறிகாட்டி எனப்படும். நடுத்தர வயது ஆண்களுக்கு இது கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு: பெண்களோடு ஒப்பிடும்போது ஆண்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாகச் சுமார் 7 முதல் 10 ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஆகவே நாற்பதைத் தாண்டிய ஆண் ஒருவரின் பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களுக்கு என்ன பொருள் என்பது வெறும் அறிவார்வத்துக்கான கேள்வி மட்டுமாக இருப்பதில்லை.

இந்த எண்களைத் தேடும் முறையை நிலைநாட்டியது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு. நோய் வந்தவர்களைப் பார்த்துக் காரணம் தேடுவதை விட்டு, 5,209 பேரை முன்கூட்டியே சோதித்து, எழுதி வைத்துக்கொண்டு, யாருக்கு நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ‘ஆபத்துக் காரணி’ என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் சொல், அக்குழுவினர் 1961இல் வெளியிட்ட கட்டுரை வழியாகவே பரவலான வழக்குக்கு வந்தது.

ஆனால் அந்தச் சொல்லிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தவளை கத்தினால் மழை வரும் என்பது பல நேரம் சரியான முன்னறிவிப்புதான். அதற்காகத் தவளையின் வாயைக் கட்டி மழையை நிறுத்த முடியாது. ரத்தக் குறிகாட்டிகளிலும் மழை வகையும் உண்டு, தவளை வகையும் உண்டு. சில பொருள்கள் தாமே தமனியைக் கெடுக்கின்றன. சில, கெட்டுக்கொண்டிருப்பதைத் தெரிவிக்க மட்டுமே செய்கின்றன. முதல் வகையைக் குற்றவாளி என்றும் இரண்டாம் வகையைச் சாட்சி என்றும் வைத்துக்கொள்வோம். சாட்சியும் பயனுள்ளவரே, ஆனால் அவரைச் சிறையில் அடைத்தால் குற்றம் குறையாது. பரிசோதனைத் தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பார்க்கும்போது இது எந்த வகை என்று கேட்டுவிட்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

குற்றவாளிப் பட்டியலில் முதலிடம் எல்டிஎல்லுக்கு. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. ரத்தமோ பெரும்பாலும் நீர். ஆகவே உடல் கொலஸ்ட்ராலைப் புரதம் போர்த்திய நுண்ணிய உருண்டைகளில் ஏற்றி அனுப்புகிறது. எல்டிஎல் என்பது அப்படிப்பட்ட உருண்டைகளில் ஒரு வகை. இவை தமனியின் உட்பூச்சைக் கடந்து சுவருக்குள் நுழையும் அளவுக்குச் சிறியவை. நுழைந்தவற்றில் பெரும்பகுதி திரும்பிவிடும். சில அங்குள்ள நார்ப்பொருள்களில் ஒட்டிக்கொண்டு சிதையத் தொடங்கும். சிதைந்ததை அப்புறப்படுத்த வெள்ளையணுக்கள் வந்து அவற்றை விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி, கொழுப்புத் துளிகளால் நுரைத்துப்போய், அங்கேயே மடிகின்றன. இப்படிச் சேரும் குவியலின் மேல் உடல் ஒரு நார் மூடியைப் போடுகிறது. மூடி உறுதியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது மெலிந்து கிழியும் நாளில், உள்ளே இருக்கும் கூழ் ரத்தத்தைத் தொட, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து தமனியை அடைக்கிறது. பெரும்பாலான மாரடைப்புகளின் கதை இதுதான்.

எல்டிஎல் குற்றவாளிதான் என்று உறுதியாகச் சொல்ல என்ன ஆதாரம்? ரஷ்யாவில் நிக்கோலாய் அனிச்கோவ் 1913இல் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டித் தமனிப் படிவை உண்டாக்கிக் காட்டியது தொடக்கம். முயல் தாவர உண்ணி என்பதால் அதை வைத்து மனிதரைப் பற்றிப் பேசலாமா என்ற ஆட்சேபம் நெடுநாள் இருந்தது; அதில் நியாயமும் உண்டு. வலுவான ஆதாரம் மரபணுக்களிலிருந்து வந்தது. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை உறிஞ்சி எடுக்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு இளவயதில் மாரடைப்பு வருகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தப் பழுதைப் பெற்றவர்களுக்குப் பள்ளிப் பருவத்திலேயே வருவதுண்டு. அந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு நேர்மாறான இயற்கைப் பரிசோதனையும் உண்டு. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் பிறவியிலிருந்தே எல்டிஎல் குறைவாக உள்ள கறுப்பின அமெரிக்கர்கள் சிலரைப் பற்றிய முடிவுகள் 2006இல் வெளியாயின. அவர்களுடைய எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு. 15 ஆண்டுக் கண்காணிப்பில் இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு.

இந்த எண்ணை ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் நடந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் பங்கேற்ற 6,595 பேரும் 45 முதல் 64 வயது வரையிலான ஆண்கள். மிகை கொலஸ்ட்ரால் உள்ளவர்கள், ஆனால் அதுவரை மாரடைப்பு வராதவர்கள். பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பிரவாஸ்டாடின் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. சுமார் 5 ஆண்டுகளில் போலி மாத்திரைப் பிரிவில் 248 பேருக்கு மாரடைப்போ இதயத் தமனி நோயால் மரணமோ நேர்ந்தது. மருந்துப் பிரிவில் 174 பேருக்கு. மருந்து குறைத்த எல்டிஎல் 26 சதவீதம், அதாவது அந்த மரபணு மாற்றம் குறைத்த அளவுக்கு மிக அருகில். ஆனால் நோய் குறைந்தது 31 சதவீதமே. ஒரே அளவு குறைப்பு ஏன் ஓரிடத்தில் 88 ஆகவும் இன்னோரிடத்தில் 31 ஆகவும் பலன் தருகிறது? மரபணு மாற்றம் கொண்டவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் 88 என்ற எண்ணைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் இடைவெளி பெரிது. அதற்கு ஏற்கத்தக்க விளக்கம் காலம். ஒருவர் பிறந்ததிலிருந்து குறைவு. மற்றவர் ஐம்பதுக்கு மேல் ஐந்தாண்டுகள் மட்டும் குறைவு. தமனிச் சுவர் கணக்கு வைப்பது எல்டிஎல்லின் அளவை மட்டும் அன்று, அளவையும் ஆண்டுகளையும் பெருக்கி வரும் தொகையை.

அதே ஸ்காட்லாந்து எண்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. 31 சதவீதக் குறைப்பு என்றால் நூறு பேரில் முப்பத்தொரு பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்று பொருள் அன்று. மருந்தில்லாத நூறு பேரில் ஐந்தாண்டில் ஏழெட்டுப் பேருக்கு வந்தது, மருந்துண்ட நூறு பேரில் ஐந்தரைப் பேர் அளவில் வந்தது. நூற்றுக்கு இரண்டிலிருந்து மூன்று பேர் தப்பினார்கள். இது சிறிய பலனா பெரிய பலனா என்பது, அந்த மனிதரின் தொடக்க ஆபத்து எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

இனி ஒரு பரிசோதனைத் தாளை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 212, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 190, எல்டிஎல் 136 என்று அதில் அச்சாகியிருக்கிறது. எச்டிஎல் என்பது கொலஸ்ட்ராலைச் சுமக்கும் இன்னொரு வகை உருண்டை; டிரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடும் வேறொரு கொழுப்பு. எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. இவற்றில் முதல் மூன்றையும் கருவி அளந்தது. நான்காவதைப் பல ஆய்வகங்கள் அளப்பதே இல்லை. கணக்குப் போட்டு எழுதுகின்றன. 1972இல் ஃபிரீட்வால்ட் குழுவினர் தந்த சூத்திரம் அது: டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 38; மொத்தம் 212இலிருந்து எச்டிஎல்லின் 38ஐயும் இந்த 38ஐயும் கழித்தால் 136. ஆகவே டிரைகிளிசரைடு தவறினால் எல்டிஎல்லும் தவறும். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தையே பயன்படுத்தக் கூடாது. மிக அதிகமாக இருக்கும்போது, சோதனைக் குழாயில் சிவப்பணுக்கள் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிநீர் பால்போல வெளுத்திருப்பதை ஆய்வகத்தார் கண்ணாலேயே காண்பார்கள். அலகு விஷயத்திலும் கவனம் வேண்டும்: சில நாடுகளில் இதே 136 என்பது லிட்டருக்கு 3.5 மில்லிமோல் என்று அச்சாகும். 3.5 என்று பார்த்து மிகக் குறைவு என மகிழ்ந்துவிடக் கூடாது.

தாளில் அச்சாகாத ஓர் எண்ணை நாமே கண்டுபிடிக்கலாம். 212இலிருந்து 38ஐக் கழித்தால் 174. இது எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால். தமனிக்குள் நுழையக்கூடிய எல்லா உருண்டைகளின் கொழுப்பும் இதில் அடக்கம். சூத்திரப் பிழையும் இதில் கிடையாது. கூடுதல் செலவின்றிக் கிடைக்கும் இந்த எண்ணை ஏன் எல்லாத் தாள்களிலும் அச்சிடுவதில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

இதைவிட நுட்பமானது அப்போபி என்ற புரதத்தின் அளவு. எறும்பு வரிசை ஒன்று சுவர் இடுக்கில் நுழைவதாகக் கொள்வோம். எறும்புகள் சுமக்கும் தானியத்தையெல்லாம் சேர்த்து எடைபோடுவது ஒரு முறை. எறும்புகளின் தலைகளை எண்ணுவது இன்னொரு முறை. சுவரைக் குடைவது எறும்புதான், தானியம் அன்று. எல்டிஎல் கொலஸ்ட்ரால் என்ற எண் தானியத்தின் எடை. அப்போபி, தலைகளின் எண்ணிக்கை, ஏனெனில் எல்டிஎல் உருண்டை ஒவ்வொன்றிலும் அப்போபி புரதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. தொந்தியும் மிகுந்த டிரைகிளிசரைடும் உள்ள ஆண்களிடம் உருண்டைகள் சிறுத்து, ஒவ்வொன்றும் குறைந்த கொலஸ்ட்ராலையே சுமக்கும். அப்போது எடை இயல்பாகத் தெரியும். தலை எண்ணிக்கை அதிகமாக இருக்கும். ‘எல்டிஎல் நன்றாகத்தானே இருந்தது’ என்று மாரடைப்புக்குப் பின் வியப்பவர்களில் சிலர் இந்த வகையினர்.

எச்டிஎல்லைப் பொறுத்தவரை, ‘நல்ல கொழுப்பு’ என்ற பெயர் உதவியதைவிடக் குழப்பியதே அதிகம் என்பது என் கருத்து. எச்டிஎல் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது ஃபிரேமிங்ஹாம் காலத்திலிருந்து தெரிந்ததே. அப்படியானால் அதை உயர்த்தினால் நோய் குறைய வேண்டும். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 72 சதவீதம் உயர்த்தியது. ஆனால் மருந்துண்டவர்களிடையே மரணங்கள் கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்துக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் தனிக் கோளாறு ஒன்று இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அக்கோளாறு இல்லாத, அதே வகையைச் சேர்ந்த டால்செட்ராபிபும் எச்டிஎல்லை உயர்த்தியது, மாரடைப்பைக் குறைக்கவில்லை. பிறவியிலேயே எச்டிஎல்லைக் கூட்டும் மரபணு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆக, குறைந்த எச்டிஎல் ஒரு சாட்சி. பெரும்பாலும் அது புகைபிடித்தல், தொந்தி, உடலுழைப்பின்மை, இன்சுலின் சரிவர வேலை செய்யாமை ஆகியவற்றைப் பற்றிச் சாட்சி சொல்கிறது.

சாட்சிகளில் மிகத் தெளிவாகப் பேசுவது சிஆர்பி என்ற புரதம். நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் 1930இல் கண்டறியப்பட்ட இது, உடலில் எங்கேனும் அழற்சி (கிருமிக்கோ காயத்துக்கோ எதிராக உடல் காட்டும் எதிர்வினை) ஏற்பட்டால் கல்லீரலிலிருந்து வெளிப்படுகிறது. தமனிச் சுவருக்குள் நடப்பதும் மெதுவான ஓர் அழற்சியே என்பதால், மிக நுண்ணிய அளவுகளையும் காட்டும் சோதனை வந்தபின் இதயத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடல்நலத்தோடு இருந்த ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கண்காணித்த அமெரிக்க ஆய்வொன்றில், சிஆர்பி மிகுந்த கால்பகுதியினருக்குப் பின்னாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, குறைந்த கால்பகுதியினரைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று 1997இல் தெரியவந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 3க்கு மேல் என்றால் அதிகம் என்பது வழக்கமான பிரிவினை. 10ஐத் தாண்டினால் அது இதயத்தைப் பற்றிய செய்தியே அன்று. சளிக் காய்ச்சலோ பல் ஈறுப் புண்ணோ மூட்டு வீக்கமோ பேசிக்கொண்டிருக்கிறது. அது அடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் மறுபடி அளக்க வேண்டும்.

சிஆர்பி சாட்சி மட்டுமே என்று எப்படித் தெரியும்? பிறவியிலேயே சிஆர்பி அதிகமாகச் சுரக்கும் மரபணு உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகமில்லை. ஆனால் அது சுட்டிக்காட்டும் அழற்சி குற்றவாளிதான். 2017இல் வெளியான ஆய்வொன்றில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம், எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் கனகினுமாப் என்ற ஊசிமருந்து சோதிக்கப்பட்டது. 150 மில்லிகிராம் அளவில் அது மறுமுறை மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 15 சதவீதம் குறைத்தது. அதே சமயம் உயிர்கொல்லும் தொற்றுகள் சற்றுக் கூடின. அழற்சி உடலின் காவலும்கூட என்பதை அது நினைவூட்டியது.

ஹோமோசிஸ்டைன் என்ற அமினோ அமிலம் ஒரு காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. அது மிகுந்தவர்களுக்கு இதயநோய் அதிகம். பி வைட்டமின்கள் அதை எளிதில் குறைக்கும். குறைத்துப் பார்த்தார்கள், மாரடைப்பு குறையவில்லை. தவளை வகை.

சர்க்கரையின் நிலை வேறு. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கும் விகிதம். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது தாங்கி நிற்கிறது. 5.7 முதல் 6.4 சதவீதம் வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 முதல் நீரிழிவு. தமனிக்கு ஆபத்து 6.5இல் திடீரென்று தொடங்குவதில்லை. அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடுகிறது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் ஏமாற்றக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவிலிருந்து கணக்கிடப்படும் சிறுநீரக வடிகட்டும் திறனையும் இதயத்தின் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இதயநோய் முந்தி வருகிறது.

இத்தனை எண்களையும் தனித்தனியே பார்த்துப் பதறுவதில் பயனில்லை. மருத்துவர்கள் இவற்றை வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு சேர்த்து, அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவில் 2021இல் வந்த ஸ்கோர்2, அமெரிக்காவில் 2023இல் வந்த பிரிவென்ட் ஆகியவை இத்தகைய கணக்கீட்டுக் கருவிகள். நாம் பார்த்த அதே 136 எல்டிஎல்லை, 46 வயதான, புகைபிடிக்காத, ரத்த அழுத்தம் 118 உள்ள ஒருவருக்கும், 58 வயதான, புகைபிடிக்கும், அழுத்தம் 150 உள்ள ஒருவருக்கும் பொருத்தினால் இருவரின் ஆபத்தும் பல மடங்கு வேறுபடும். இந்தக் கருவிகளில் அதிக எடை வயதுக்கே. அதனால் நாற்பதுகளில் உள்ளவருக்குப் பத்தாண்டு ஆபத்து ஏறக்குறைய எப்போதும் சிறிதாகவே தெரியும். அளவையும் ஆண்டுகளையும் பெருக்கிவரும் தொகை அவருக்குத்தான் இன்னும் நீளமாகக் காத்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

எண்களின் நடுக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே மனிதரின் டிரைகிளிசரைடு நாளுக்கு நாள் ஐந்தில் ஒரு பங்குவரைகூட ஏறி இறங்கும், சாப்பிட்டபின் ஏறும். பெரிய காய்ச்சலுக்கும் அறுவை சிகிச்சைக்கும் மாரடைப்புக்கும் பின் எல்டிஎல் தாழும். ஆகவே ஒரே ஒரு தாளை வைத்து முடிவெடுப்பதைவிட, சில வாரங்கள் இடைவிட்டு எடுத்த இரண்டு தாள்களை வைத்துப் பேசுவது நம்பகமானது. நெஞ்சுவலி வந்துவிட்ட நேரத்திலோ இந்த எண்களுக்கெல்லாம் வேலையே இல்லை. இதயத் தசை சிதைவதைக் காட்டும் ட்ரோபோனினும் இசிஜியுமே அப்போது பேச வேண்டியவை. ‘போன மாதம் கொலஸ்ட்ரால் சரியாக இருந்தது’ என்று வீட்டில் படுத்திருப்பது ஆபத்து.

வழக்கமான தாளிலும் இடம்பெறாமல், பெரும்பாலான கணக்கீட்டுக் கருவிகளிலும் சேராமல் நிற்கும் குற்றவாளி ஒன்று எஞ்சியிருக்கிறது: லிப்போபுரதம் ஏ. நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் 1963இல் கண்டறிந்த இது, எல்டிஎல் போன்ற உருண்டையின் மேல் இன்னொரு புரதம் வால்போல ஒட்டிய பொருள். ஒருவருக்கு இது எவ்வளவு என்பது கிட்டத்தட்ட முழுமையாகப் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. உணவோ நடைப்பயிற்சியோ பெரிதாக அசைப்பதில்லை, எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரைகளும் இதைக் குறைப்பதில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து கூடியதாகக் கொள்கிறார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அந்த வரம்புக்கு மேல் இருக்கிறார்கள். அளவு மாறாது என்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். அதிகமாக இருந்தால், மாற்றக்கூடிய மற்றக் குற்றவாளிகளான எல்டிஎல், ரத்த அழுத்தம், புகை ஆகியவற்றை இன்னும் கண்டிப்போடு அடக்குவதே இப்போதைக்கு வழி. பரம்பரையாக வருவது என்பதால், ஐம்பது வயதான ஒருவரின் தாளில் அந்த எண் உயர்ந்திருந்தால், அவருடைய உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒருமுறை அளந்து பார்க்கும்படி மருத்துவர் சொல்வார். அந்தப் பிள்ளைகள் அநேகமாக இருபதுகளில் இருப்பார்கள், கொரியாவில் இறந்த அந்த வீரர்களின் வயதில்.